பழைய வானிலைச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, அதை எடுத்த எந்திரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

1960களில் எடுத்த வானிலைச் செயற்கைக்கோள் படம் ஒன்று கையில் கிடைத்தால் பெரும்பாலானவர்கள் மேகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் சொல்லப்போவது வேறு வேலை. மேகத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு ஓரம், மூலை, கோடு, சாய்வு என்று பார்த்துக்கொண்டே போனால், அந்தச் செயற்கைக்கோள் எப்படிச் சுழன்றது, கேமராவை எந்தப் பக்கம் பொருத்தியிருந்தார்கள், கட்டியவர்கள் எந்தெந்தத் தொல்லைக்கு முன்கூட்டியே பயந்தார்கள் என்பதுவரை படித்துவிடலாம். படத்தின் குறைகள்தான் நமக்கு ஆதாரம். கோணல் இல்லாத, பளிச்சென்ற படம் இந்த விளையாட்டுக்கு லாயக்கில்லை.

தேவையானவை அதிகமில்லை. நாசா, நோவா (அமெரிக்க வானிலை, கடல் ஆய்வு அமைப்பு) ஆவணங்களில் பழைய படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. படத்தைத் திருப்பவும் கோணம் அளக்கவும் ஒரு சாதாரண மென்பொருள், சைன் போடத் தெரிந்த கால்குலேட்டர், அப்புறம் ஒரு ஓய்வான மாலை. ஒற்றைப் படமாக எடுக்காமல், ஒரே சுற்றில் அடுத்தடுத்து எடுத்த ஐந்தாறு பிரேம்களாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒரு தோல்விக் கதை. இது தெரியாவிட்டால் மீதி எதுவும் ஒட்டாது. 1959 பிப்ரவரி 17 அன்று அமெரிக்காவில் வான்கார்டு-2 என்ற ஒரு கோளத்தை ஏவினார்கள். விட்டம் சுமார் 50 செ.மீ., எடை சுமார் 10 கிலோ. உள்ளே கேமரா கிடையாது, இரண்டு ஒளிமின்கலங்கள் மட்டும். கோளம் சுழலச் சுழல அவற்றின் பார்வை பூமியின் மேல் கோடு கோடாக ஓடும், அந்தக் கோடுகளைத் தரையில் அடுக்கினால் மேகப் படம் வந்துவிடும் என்பது யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் பிரிந்துபோன ராக்கெட்டின் கடைசி அடுக்கு பின்னாலேயே வந்து இடித்துவிட்டது. கோளம் தள்ளாட ஆரம்பித்தது. சிக்னல் ஒழுங்காக வந்துகொண்டிருந்தும், எந்தக் கோடு எங்கே விழுந்தது என்று கணக்குப் போட வழியில்லாமல் போயிற்று. கருவி எந்தத் திசையில் பார்த்துக்கொண்டிருந்தது என்று தெரியாவிட்டால் அது அனுப்பியதெல்லாம் வெறும் வெளுப்பும் கறுப்பும்தான். அடுத்த பத்து ஆண்டுப் பொறியியல் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியோடு போட்ட மல்லுக்கட்டு. நாம் படத்தில் தேடப்போவதும் அதன் தடயங்களைத்தான்.

படம் இடவலம் மாறியிருக்கிறதா?

சிரிப்பாக இருக்கும், ஆனால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்தக் காலப் படங்கள் ஃபிலிமில் சேமிக்கப்பட்டவை, ஃபிலிமைத் திருப்பிப் போட்டு ஸ்கேன் செய்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஆகிவிடும். நானே ஒருமுறை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, உலகத்தில் இல்லாத ஒரு கடற்கரையை வரைபடத்தில் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் படத்தின் ஓரத்தில் இருந்த எண்ணை உற்றுப் பார்த்தபோதுதான் அது தலைகீழாக அல்ல, இடவலமாகத் திரும்பியிருந்தது தெரிந்தது.

எழுத்தோ எண்ணோ இருந்தால் சுலபம். இல்லையென்றால் புயல் சுருளைத் தேடுங்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே புயல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும், தெற்கே கடிகாரத் திசையில். வெற்றிகரமாகப் பறந்த முதல் வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ்-1 தன் முதல் மாதத்திலேயே ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே கடலின் மேல் ஒரு புயலைப் பிடித்தது. அந்தப் படத்தில் சுருள் எதிர்த்திசையில் தெரிந்தால் தவறு புயலிடம் இல்லை, ஸ்கேன் செய்தவரிடம்.

தொடுவானம் தெரிகிறதா?

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான கேள்வி இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டைரோஸ்-1 ஏவப்பட்டது 1960 ஏப்ரல் 1 அன்று, கேப் கனாவரலிலிருந்து, தோர்-ஏபிள் ராக்கெட்டில். ஆர்சிஏ நிறுவனம் கட்டியது. 18 பக்கங்கள் கொண்ட, ஒரு மீட்டருக்குச் சற்று அதிக விட்டமுள்ள ஒரு பெரிய டப்பா, எடை சுமார் 120 கிலோ, மேற்புறத்திலும் பக்கவாட்டிலும் 9,000க்கு மேற்பட்ட சூரிய மின்கலங்கள். இரண்டு டிவி கேமராக்களும் டப்பாவின் அடித்தட்டில், சுழல் அச்சுக்கு இணையாகப் பொருத்தப்பட்டிருந்தன. டைரோஸ் என்ற பெயரின் விரிவில் (Television Infrared Observation Satellite) ‘அகச்சிவப்பு’ என்ற சொல்லும் உண்டு, ஆனால் முதல் டைரோஸில் அகச்சிவப்புக் கருவி எதுவும் போகவில்லை, அது இரண்டாவதில்தான் வந்தது.

சுழல்கிற பொருள் பம்பரம் மாதிரி தன் அச்சைத் திருப்ப விடாது. நிலைப்படுத்த இதைவிட மலிவான வழி கிடையாது: எரிபொருள் வேண்டாம், சிக்கலான சக்கரங்கள் வேண்டாம், சுழற்றி விட்டால் போதும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அச்சு வெளியில் ஒரே திசையைப் பார்த்தபடி இருக்க, செயற்கைக்கோள் பூமியைச் சுற்றிக்கொண்டு போகிறது. சுற்றின் ஒரு பகுதியில் கேமரா நேராகக் கீழே பார்க்கும், அதற்கு முன்னும் பின்னும் சாய்வாகப் பார்க்கும், எதிர்ப்பக்கம் போனதும் பூமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருட்டு வெளியைப் பார்க்கும். அதனால்தான் டைரோஸ் படங்கள் பலவற்றில் பூமியின் வளைந்த விளிம்பு ஒரு மூலையை வெட்டிக்கொண்டு போகிறது. அழகுக்காக யாரும் அப்படி எடுக்கவில்லை.

இப்போது கணக்கு. உயரம் சுமார் 700 கி.மீ., பூமியின் ஆரம் 6,371 கி.மீ. ஆரத்தை 7,071-ஆல் வகுத்து சைன் தலைகீழ் போடுங்கள், சுமார் 64 டிகிரி வரும். அதாவது நேர் கீழிலிருந்து 64 டிகிரி தள்ளித்தான் தொடுவானம். அகலக்கோண கேமராவின் பார்வை மூலைக்கு மூலை 104 டிகிரி, பாதி 52. எனவே கேமரா நேராகக் கீழே பார்த்தால் தொடுவானம் படத்துக்குள் வரவே வராது. ஒரு மூலையில் லேசாக எட்டிப் பார்த்தால்கூட கேமரா குறைந்தது 12 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். விளிம்பு படத்துக்குள் எவ்வளவு ஆழமாக வந்திருக்கிறதோ அவ்வளவு சாய்வு. 1960-இல் ஆய்வாளர்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதையேதான். செயற்கைக்கோளின் அச்சு எங்கே பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள அது எடுத்த படத்தின் தொடுவானத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் டெட்சுயா ஃபுஜிட்டா, பின்னாளில் டொர்னாடோ சூறாவளி அளவுகோலால் உலகம் முழுக்கப் பெயர் பெற்றவர், இந்தப் படங்களைத் துல்லியமாக வரைபடத்தில் பொருத்தும் முறைகளை உருவாக்கினார்.

உங்களிடம் ஒரே சுற்றின் முழு வரிசையும் இருந்தால் இன்னும் சுவாரசியம். செயற்கைக்கோளில் இருந்த டேப்பில் 32 பிரேம்கள், 30 விநாடிக்கு ஒன்று, ஆக 16 நிமிடம். பூமியைச் சுற்ற எடுத்தது 99 நிமிடம், அதில் 16 நிமிடம் என்றால் சுமார் 58 டிகிரி. ஆகவே வரிசையின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் கேமராவின் சாய்வு அவ்வளவு மாறும். தொடக்கத்தில் ஒரு பக்கம் தொடுவானம், நடுவில் காணாமல் போகும், கடைசியில் எதிர்ப்பக்கம் மீண்டும் வரும். இந்த ஒழுங்கு அப்படியே தெரிந்தால், நீங்கள் பார்ப்பது அச்சுக்கு இணையாகக் கேமரா வைத்த செயற்கைக்கோள்தான், சந்தேகமே வேண்டாம்.

இங்கே ஒரு கிளைக்கதை. அச்சு வெளியில் அசையாமல் நிற்கும் என்றுதான் எதிர்பார்த்திருந்தார்கள், ஆனால் டைரோஸ்-1இன் அச்சு நாளாக ஆக மெல்ல நகர்ந்துகொண்டே போனது. தேடிப் பார்த்தால் காரணம் பூமியின் காந்தப்புலம்! செயற்கைக்கோளே ஒரு சின்னக் காந்தமாக நடந்துகொண்டு திரும்பியிருக்கிறது. பொறியாளர்கள் இதைச் சாபமாக எடுத்துக்கொள்ளவில்லை. 1960 நவம்பர் 23 அன்று போன டைரோஸ்-2இல் வேண்டுமென்றே ஒரு கம்பிச் சுருளைச் சுற்றி, தரையிலிருந்து கட்டளை கொடுத்து மின்னோட்டத்தை மாற்றி, அதே காந்தப்புலத்தை வைத்தே அச்சைத் திருப்பினார்கள். எனக்கு இந்தத் திட்டம் முழுவதிலும் ரொம்பப் பிடித்த இடம் இது.

அடுத்தடுத்த பிரேம்களை ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள்

ஐந்தாறு பிரேம்கள் எடுக்கச் சொன்னது இதற்குத்தான். 30 விநாடியில் செயற்கைக்கோளின் அடியில் தரை சுமார் 200 கி.மீ. நகரும், ஆனால் அகலக்கோணப் படம் ஒரு பக்கத்துக்கு சுமார் 1,200 கி.மீ. பிடிக்கும். ஆகவே ஒரே மேகக் கூட்டம் பல பிரேம்களில் திரும்பத் திரும்ப வரும். அதைப் பிடித்து ஒரு பிரேமை அடுத்ததன்மேல் பொருத்த முயன்றால், நகர்த்தினால் மட்டும் போதாது, திருப்பவும் வேண்டியிருக்கும்.

காரணம் சுழற்சி. ராக்கெட்டின் கடைசி அடுக்கோடு சேர்ந்து இது நிமிடத்துக்கு 130 சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டிருந்தது. கம்பியில் கட்டிய இரண்டு எடைகளை வெளியே வீசி, பனிச்சறுக்கு ஆடுபவர் கையை விரிப்பதுபோல, வேகத்தை 12-க்கு அருகில் இறக்கினார்கள். பிறகு வேகம் மெல்லக் குறையும், ரொம்பக் குறைந்துவிட்டால் விளிம்பில் இருந்த சின்ன ராக்கெட்டுகளை ஜோடியாகக் கொளுத்தி மறுபடி ஏற்றுவார்கள். சரி, நிமிடத்துக்குச் சரியாக 10 சுற்று என்றால் 30 விநாடியில் 5 முழுச் சுற்று, அடுத்த பிரேம் திரும்பாமல் அப்படியே வரும். 9.7 என்றால் 4.85 சுற்று, அதாவது முழுச் சுற்றுக்கு 54 டிகிரி பாக்கி. நீங்கள் பிரேமை 54 டிகிரி திருப்பினால்தான் மேகம் மேகத்தோடு ஒட்டும். இதையே பின்பக்கமாகப் போடுங்கள்: எத்தனை டிகிரி திருப்ப வேண்டியிருந்தது என்று அளந்து, சுழல் வேகத்தைக் கண்டுபிடிக்கலாம். எத்தனை முழுச் சுற்று என்பதில் மட்டும் சந்தேகம் மிஞ்சும், ஆனால் வேகம் 8-க்கும் 12-க்கும் நடுவில்தான் என்று முன்பே தெரிவதால் சாத்தியங்கள் இரண்டு மூன்றுதான்.

இங்கே ஒரு கேள்வி வரவேண்டும். இப்படிச் சுற்றுகிற டப்பாவின் அடியில் கேமரா வைத்தால் படம் கலங்காதா? ஷட்டர் திறந்திருந்தது 1.5 மில்லிவிநாடி. நிமிடத்துக்கு 10 சுற்று என்றால் விநாடிக்கு 60 டிகிரி, ஆகவே அந்த நேரத்தில் திருப்பம் 0.09 டிகிரி. படத்தில் 500 கோடுகள், நடுவிலிருந்து ஓரம்வரை 250. அந்த ஓரத்தில் 0.09 டிகிரி திரும்பினால் நகர்வது அரைக் கோட்டுக்கும் குறைவு. கண்ணுக்கே தெரியாது. முன்னோக்கிப் பறக்கும் வேகத்தால் வரும் நகர்வு பத்துப் பதினோரு மீட்டர்தான், அதை விட்டுவிடலாம்.

ஆனால் படத்தைக் கோடு கோடாகப் படிக்க 2 விநாடி ஆகும், அதற்குள் டப்பா 120 டிகிரி திரும்பியிருக்கும். பரவாயில்லை, ஏனென்றால் ஷட்டர் மூடியபின் படம் விடிகான் என்ற டிவி கேமராக் குழாயின் முகப்பில் மின்னூட்டமாகத் தங்கிவிடுகிறது. எலக்ட்ரான் கற்றை அதை நிதானமாகத் துடைத்துப் படிக்கிறது. புகைப்படம் போலச் சட்டென்று பிடி, டிவி போல மெதுவாக அனுப்பு. வேகமாக அனுப்பாததால் குறைந்த அலைவரிசை அகலமும் 2 வாட் டிரான்ஸ்மிட்டரும் போதுமானதாக இருந்தன.

மூலையில் இருக்கும் குறிகள்

படத்தின் நடுவில் ஒரு சின்னக் கூட்டல் குறியும் மூலைகளில் மடக்குக் கோடுகளும் தெரிந்தால், அவை பின்னால் வரைந்தவை அல்ல. விடிகான் முகப்பிலேயே பதித்தவை. எலக்ட்ரான் கற்றை நேராக ஓடாது, ஓரத்தில் வளையும், வெப்பநிலை மாறினால் இன்னும் மாறும். குறிகளுக்கு நடுவே இருந்த தூரம் ஏவும் முன்பே அளக்கப்பட்டது, எனவே படத்தில் அவை எங்கே நகர்ந்திருக்கின்றன என்று பார்த்தால் கோணல் எவ்வளவு என்று தெரியும். அளப்பதற்கு முன் இந்தக் குறிகள் சதுரமாக நிற்கின்றனவா என்று பாருங்கள். நிற்காவிட்டால் மேலே சொன்ன கணக்கில் ஓரிரு டிகிரி பிசகும். பின்னால் வந்த நிம்பஸ் என்ற செயற்கைக்கோள் வரிசையின் படங்களில் இந்தக் குறிகள் படம் முழுக்க வரிசை வரிசையாகப் புள்ளியிட்டதுபோல் இருக்கும், அடையாளம் காண அதுவே ஒரு வழி.

வடக்கு எங்கே?

சுழல்கிற கேமராவுக்கு மேல், கீழ் என்று எதுவுமில்லை. டப்பாவைச் சுற்றி ஒன்பது சூரிய உணரிகள் வைத்து, படம் எடுத்த நொடியில் சூரியன் எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் படத்தோடு சேர்த்துப் பதிந்தார்கள். உங்களிடம் அந்தப் பதிவு இருக்காது, ஆனால் கடலைப் பாருங்கள். மேகம் இல்லாத நீரில் விளிம்பில்லாத ஒரு வெளிறிய திட்டு தெரிந்தால் அது சூரியனின் பிரதிபலிப்பு. செயற்கைக்கோளுக்கு நேர் கீழே இருக்கும் இடத்துக்கும் சூரியன் உச்சியில் நிற்கும் இடத்துக்கும் நடுவில்தான் அது விழும். படம் எடுத்த நேரம் தெரிந்தால் சூரியன் உச்சியில் நிற்கும் இடம் கைக்கணக்கு: கிரீன்விச் நேரம் 15 மணி என்றால் நண்பகலுக்கு 3 மணி தாண்டியிருக்கிறது, மணிக்கு 15 டிகிரி, ஆக மேற்கு 45 டிகிரி. இதையும் ஒரு கடற்கரையையும் வைத்துப் படத்தைத் திருப்பிவிடலாம். செங்கடல், நைல் கழிமுகம் போன்ற இடங்கள் இதற்கு வசதி, வறண்ட பகுதி என்பதால் மேகம் மறைப்பது அபூர்வம்.

அன்றைக்கு இந்த வேலையெல்லாம் கையால் நடந்தது. படத்தையே வானிலை மையங்களுக்கு அனுப்பும் வசதி குறைவு என்பதால், நிலையத்தில் உட்கார்ந்தவர்கள் பார்த்து, கட்டம் போட்டு, மேக வரைபடமாக வரைந்து, அந்த வரைபடத்தைத்தான் ஃபேக்ஸ் மாதிரியான கருவியில் அனுப்பினார்கள். டைரோஸ்-1இலிருந்து 78 நாளில் 22,952 படங்கள் வந்து குவிந்தன என்றால் அவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும் பாருங்கள்.

தொடுவானமே இல்லையென்றால்

ஒரு சுற்றின் முழு வரிசையிலும் அது வரவில்லையென்றால் வேறு வகை எந்திரம். எதைப் பார்க்க வேண்டும் என்று வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

துருவம் தெரிகிறதா? முதல் நான்கு டைரோஸ்களின் பாதை பூமத்திய ரேகைக்கு 48 டிகிரி சாய்வு, அடுத்த நான்கின் பாதை 58 டிகிரி. அன்டார்டிகாவின் நடுப்பகுதி தெரிந்தால் இந்த எட்டில் எதுவுமில்லை. படங்கள் எல்லாம் நேர்கீழே பார்த்து, திருப்பாமலே ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா? அது சக்கர அமைப்பு. 1965 ஜனவரி 22 அன்று போன டைரோஸ்-9இல் டப்பாவை அப்படியே பக்கவாட்டில் சாய்த்துவிட்டார்கள். சுழல் அச்சு பாதைக்குச் செங்குத்து, கேமரா விளிம்பில், வண்டிச்சக்கரம் உருள்வதுபோல ஒவ்வொரு சுற்றிலும் கேமரா ஒருமுறை கீழே பார்க்கும், அந்த நொடியில் ஷட்டர். அதே சுழற்சி, அதே டப்பா, கேமரா இடம் மாறியதோடு பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ராக்கெட் சொதப்பியதால் பாதை ரொம்ப நீள்வட்டமாகிப் போனாலும், அந்த பிப்ரவரி 13 அன்று எடுத்த 450 படங்களை ஒட்டி முதல் உலக மேகப் படம் உருவானது. அளவு படத்துக்குப் படம் மாறினால் டைரோஸ்-9, மாறாவிட்டால் 1966 முதல் பறந்த எஸ்ஸா என்ற செயற்கைக்கோள் வரிசை.

இரவில் எடுத்த அகச்சிவப்புப் படம் என்றால் பெரும்பாலும் நிம்பஸ். 1964 ஆகஸ்ட் 28 அன்று போன நிம்பஸ்-1 சுழலவே இல்லை, மூன்று அச்சிலும் நிலைப்படுத்தி எப்போதும் பூமியைப் பார்த்தபடியே பறந்தது. ஆனால் அப்படிச் செய்தால் சூரியப் பலகைகளைச் சூரியனை நோக்கித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் திருப்பும் எந்திரம் சிக்கிக்கொண்டு ஒரு மாதத்துக்குள் ஆட்டம் முடிந்தது. சுழல்கிற டப்பாவில் கெட்டுப்போக அந்த உறுப்பே கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பூமி முழு வட்டமாகத் தெரிந்தால் 1966 டிசம்பரில் போன, பூமியின் ஒரே இடத்துக்கு மேல் நிற்கும் செயற்கைக்கோளான ஏடிஎஸ்-1 அல்லது அதற்குப் பிந்தியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வெர்னர் சுவோமியும் ராபர்ட் பேரன்ட்டும் செய்த கேமரா அது. நிமிடத்துக்கு 100 சுற்று, சுற்றுக்கு ஒரு கோடு, ஒவ்வொரு சுற்றுக்கும் தொலைநோக்கி கொஞ்சம் சாயும், சுமார் 2,000 கோடுகள், 20 நிமிடத்தில் ஒரு பூமி. வான்கார்டு-2இன் பழைய யோசனைதான், இந்த முறை தள்ளாடாமல். வட்டத்தின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். ரம்பப் பல் மாதிரி இருந்தால், ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்க வேண்டும் என்ற நேரக்கணக்கு அங்கே நழுவியிருக்கிறது.

இன்னொரு வகை: ஃபேக்ஸ் தாளில் வந்ததுபோல் 800 கோடுகள், கரகரப்பு கூடிக் குறைந்து வரும் பட்டைகள். அது ஏபிடி, அதாவது தானாகவே படத்தை அனுப்பும் முறை. டைரோஸ்-8இல் 1963 டிசம்பர் 21 அன்று போன முறை. டேப்பில் சேமித்துப் பெரிய நிலையத்துக்கு அனுப்பாமல், எடுத்த படத்தை அப்போதே, விநாடிக்கு 4 கோடு வீதம் எல்லோருக்கும் ஒலிபரப்பிவிடும். ஒரு படத்துக்கு 200 விநாடி. சாதாரண விடிகானில் மின்னூட்டம் அவ்வளவு நேரம் தங்காது என்பதால் பாலிஸ்டைரீன் படலம் பூசினார்கள். எளிய ஆன்டெனா வைத்திருந்த யாரும் தலைக்கு மேல் போகும்போது பிடித்துக்கொள்ளலாம். கரகரப்புப் பட்டை படத்தின் முதலிலும் கடைசியிலும் அதிகமாக இருந்தால், செயற்கைக்கோள் அடிவானத்தில் இருந்தபோது சிக்னல் பலவீனம். நடுவில் திடீரென்று வந்தால் ஆன்டெனாவைத் திருப்பியவர் கொஞ்சம் அசந்திருக்கிறார். இந்த முறையின் வாரிசு 2025-இல் கடைசி நோவா செயற்கைக்கோள்களை அணைக்கும்வரை 137 மெகாஹெர்ட்ஸில் டிக் டிக் என்று ஒலித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் பழகியபின் கைவைக்க ஒரு நல்ல வரிசை வேண்டுமென்றால், நிம்பஸ்-1இன் 1964 செப்டம்பர் படங்களை எடுங்கள். ஆய்வாளர்கள் பல ஆண்டு கழித்து ஃபிலிம் சுருள்களை வெளியே எடுத்து ஸ்கேன் செய்து, குறிகளை வைத்துக் கோணலை நேராக்கி, அன்டார்டிகாவைச் சுற்றி அந்த மாதம் இருந்த கடல் பனியின் பரப்பு சுமார் 1.97 கோடி சதுர கிலோமீட்டர் என்று கண்டுபிடித்தார்கள். பனியும் மேகமும் ஒரே வெள்ளையாகத் தெரியும், அதில் ஏமாறாதீர்கள். ஒரே இடத்தின் அடுத்தடுத்த நாள் படங்களை மாற்றி மாற்றிப் பாருங்கள், மேகம் போய்விடும், பனி அங்கேயே கிடக்கும்.